வெயிலுக்கு இருபத்தைந்து வருஷ வாரண்டி

நம் ஊரில் காலையில் அடுத்த வீட்டுக்காரி முகம் தெரிந்ததும் "இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று கேட்போம். ஓசூரில் என் அடுத்த வீட்டு ஜெயம்மா அப்படிக் கேட்பதில்லை. காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டுவார், வானத்தை அண்ணாந்து ஒரு பார்வை பார்ப்பார், வெயில் உண்டா இல்லையா என்று எனக்குச் சேதி சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். வெயிலுக்கெல்லாம் ஒருத்தர் சேதி சொல்லுகிற ஊர் உலகத்தில் இருக்கும் என்று கோவில்பட்டியில் இருந்தவரை நான் நினைத்ததில்லை. எங்கள் பக்கத்து வெயில் உரிமையுள்ள சம்பந்தி மாதிரி. கூப்பிடவும் வேண்டாம், போ என்றாலும் போகாது. இங்கே துவைத்த துணியை இரண்டு நாளாகக் கொடியில் போட்டுவிட்டு மேகத்திடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

அந்தச் சேதியால்தான் வந்த முதல் வாரமே சண்டை. என் வீட்டுக்காரர் செல்வராஜுக்கு இங்கே ஒரு தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியன் வேலை. அன்று நைட் ஷிஃப்டு முடிந்து, பஸ் கிடைக்காமல் பத்து மணிக்கு வந்து, யூனிஃபாரத்தைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. "எண்ட லேது" என்றது. அடுப்படியில் நின்ற என் காதில் அது "ஏண்டா லேட்டு?" என்று விழுந்தது. தாலி கட்டிக்கொண்ட நானே இன்னும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, முகம் தெரியாத ஒரு அம்மாள் "ஏண்டா" என்பதாவது!

"யாரப் பாத்து ஏண்டாங்கிய? ராத்திரி பூரா வேலை பாத்த மனுசன் லேட்டாத்தான் வருவாரு. ஒங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று கரண்டியோடு வெளியே வந்தேன்.

அவருக்கு என் தமிழ் பிடிபடவில்லை. மேலே கையைக் காட்டி, "எண்ட லேதும்மா, எண்ட" என்று சிரித்தார். மேலே இருக்கிறவன் பார்த்துக்கொள்வான் என்று சாபம் விடுவதாக எடுத்துக்கொண்டேன். மூன்று நாள் பேச்சில்லை. நாலாம் நாள் இவர் தொழிற்சாலையில் விசாரித்துக்கொண்டு வந்தார். தெலுங்கில் எண்ட என்றால் வெயில், லேது என்றால் இல்லை. துணி காயாதே என்று அக்கறையில் சொல்லியிருக்கிறார் அந்த அம்மாள். "ஒனக்கு மாரின்னு பேரு வச்சிருக்காக. மழைகிட்டப் போயி வெயிலப் பத்திப் பேசுனா சண்டைதான் வரும்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் ஒரு கிண்ணம் கருப்பட்டிப் பணியாரத்தோடு போய் சமாதானம் ஆனேன்.

ஊரைவிட்டுக் கிளம்பும்போது எல்லாரிடமும் "ரெண்டே வருசம், வந்துருவோம்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தோம். அதை நான் நிஜமாகவே நம்பினேன். அதனால் எங்கள் வீட்டுக்குள் எந்தச் சாமான் வந்தாலும் என்னிடம் ஒரு பரீட்சை எழுதியாக வேண்டும். ஒரே கேள்வி. "கழட்டலாமா?" கழற்றி லாரியில் ஏற்ற முடிந்தால் வாங்கலாம். மடக்குக் கட்டில் பாஸ். பிளாஸ்டிக் நாற்காலி பாஸ். சுவரோடு கட்டுகிற அலமாரி ஃபெயில். ஜெயம்மா அன்போடு கொடுத்த முருங்கைக் குச்சியைக்கூட நடவில்லை, மரத்தைக் கழற்ற முடியாது. இரண்டு வருஷம் நான்காகி, வாடகைக்கு இருந்த வீட்டையே லோன் போட்டு வாங்கியபோது, "போறப்ப வித்துருவோம்ல" என்று இவர் கேட்ட பிறகுதான் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். இப்படியே பத்து வருஷம் ஓடிவிட்டது. மடக்குக் கட்டில் மடங்குவதை மறந்துவிட்டது.

அப்புறம்தான் இந்தக் கரண்டு கட் காலம் வந்தது. கட் ஆகும் நேரத்துக்கு ஓர் அட்டவணை உண்டு. அட்டவணைக்கு வெளியேயும் உண்டு. இவர் வேலை பார்க்கிற இடத்தில் ஒரு விநாடி விளக்கு சிமிட்டினால் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு எழுந்துவிடும். அதை எழுப்புகிற மனிதர் வீட்டில் மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருப்பார். நான் வீட்டில் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு மணி வரைதான் தையலுக்கு உட்காரத் தோது, கரண்டும் அப்போதுதான் போகும். அந்த வைகாசியில் ஜெயம்மா மகளுக்குக் கல்யாணம். பெண்ணின் அம்மாவுக்கு ஜாக்கெட் நான் தைக்காமல் யார் தைப்பது? மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தைத்து, மடித்து, மறுநாள் விடிகாலையில் வேனில் ஏறுகிற அவசரத்தில் கையில் கொடுத்தேன். வேப்பனப்பள்ளி மண்டபத்தில் போய்த்தான் தெரிந்தது, ஒரு கை மெரூன், ஒரு கை காப்பிக்கொட்டைக் கலர். இன்னொருத்தி துணியை எடுத்து ஜெயம்மாவுக்கு வைத்துத் தைத்திருக்கிறேன்.

எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஜெயம்மா அலட்டிக்கொள்ளவில்லை. "அடப் போம்மா, முந்தானிய இழுத்து வுட்டுக்கினா எவளுக்குத் தெரியப் போவுது" என்று தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டார். முகூர்த்தத்திலிருந்து சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் அந்தப் போர்வையை விடவே இல்லை. ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் குளிர் காய்ச்சல் வந்தவர் மாதிரி நிற்கிறார். சொந்த மகள் கல்யாணத்தில், என்னைக் காட்டிக்கொடுக்காமல்.

சோலார் பேச்சை என் வீட்டுக்காரர் எடுத்தது அதற்கு அடுத்த வாரம். இன்வர்ட்டர் போடலாமே என்றேன். "அது நெறையணும்னாலும் கரண்டு வேணுமேளா. வெயிலுன்னா ஓசி" என்றார். ஊர்ப் பேரைக் கேட்டால் ஓசி மாதிரி இருக்கிறதே தவிர, ஓசூரில் வெயில் ஒன்றும் ஓசியில் கிடைப்பதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. பெங்களூரிலிருந்து கம்பெனி ஆளை வரவழைத்துவிட்டார். கழுத்தில் டை கட்டிய மனிதர், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து படம் போட்ட புத்தகத்தை விரித்தார்.

"கிரைண்டர் ஓடுமா?" என்றேன்.

"ஓடாது மேடம். நாலு லைட், ரெண்டு ஃபேன் ஓடும்."

"இந்தக் குளிருக்கு ஃபேன் எதுக்கு?"

"அது பேக்கேஜ் மேடம்."

கடைசியாக என் பரீட்சைக் கேள்வியைக் கேட்டேன். "கழட்டலாமா?" அவர் இதற்காகவே காத்திருந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். "கழட்டவே தேவையில்ல மேடம். பேனலுக்கு ட்வென்டி ஃபைவ் இயர்ஸ் வாரண்டி!"

இவர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். ரெண்டே வருசம் என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் முன்னால் ஒருத்தர் இருபத்தைந்து வருஷத்தை எடுத்து டீப்பாயில் வைக்கிறார். அது முடியும்போது இவர் ரிட்டையர் ஆகியிருப்பார், எனக்கு மூட்டுவலி வந்திருக்கும், பேனல் மட்டும் வாரண்டிக்குள் இருக்கும். "பேட்டரிக்கு எத்தன வருசம்?" என்று ஈனசுரத்தில் கேட்டேன். மூன்று வருஷமாம். கொஞ்சம் மூச்சு வந்தது. நாங்கள் பேட்டரிக் கட்சி.

விலை ஐம்பத்தெட்டாயிரம். இதைச் சொன்னால் உங்களுக்கும் வலிக்கும், ஏனென்றால் அந்தப் பணம் எங்கிருந்து வரவேண்டும் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஐந்து சென்ட் நிலம் இருக்கிறது. திரும்பிப் போனதும் இருக்க அதில் வீடு கட்ட, முதலில் அஸ்திவாரம் மட்டும் போட்டு வைப்போம் என்று நான் தையல் காசில் அறுபதாயிரம் சேர்த்திருந்தேன். என் தம்பி பாண்டி நல்ல நாள் பார்த்து அஸ்திவாரத்துக்குப் பள்ளமும் தோண்டிவிட்டான். எங்கள் பக்கம் அந்தப் பள்ளத்துக்கு வானம் என்று பேர். "வானம் தோண்டியாச்சுக்கா, பணத்த அனுப்பு" என்று போன் செய்திருந்தான். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஜெயம்மா வீட்டுக்குக் கல்யாண ஆல்பம் வந்தது. முழுசும் புரட்டினேன். வீட்டுக்கு வந்து பணத்தை எடுத்து இவரிடம் கொடுத்துவிட்டேன். அஸ்திவாரக் காசு மொட்டை மாடிக்குப் போயிற்று.

பாண்டியிடம் தை மாசம் அனுப்புவதாகச் சொன்னேன். அவன் சத்தம் போடவில்லை. "ரெண்டு வருசத்துல வாரவுக இருபத்தஞ்சு வருசத்துக்குச் சாமான் வாங்குறீகளாக்கும்" என்று மட்டும் சொன்னான். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

ஆவணியில் ஒருநாள் மாட்ட வந்தார்கள். வந்த இன்ஜினியர் கன்னடக்காரர். மாடிக்கு ஏறியதும் நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம், "தக்ஷிண எல்லி?" என்று கேட்டார். எல்லி என்றால் எங்கே. பத்து வருஷத்தில் எனக்கு அவ்வளவாவது தெரியாதா? தட்சணை எங்கே என்று கேட்கிறார்! எனக்கு வந்ததே கோபம். "முழுப் பணத்தையும் எண்ணி வாங்கிட்டு இப்பத் தட்சணை வேறயா? இது என்ன கல்யாண வீடா, நீங்க என்ன ஐயரா?" என்று பிடித்துக்கொண்டேன். இவர் திருப்புளியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "அவரு தெக்கு எதுன்னு கேக்காரு மாரி. பேனலு தெக்கப் பாத்துத்தான் இருக்கணுமாம். காம்பஸ வண்டிலேயே வச்சுட்டு வந்துட்டாராம்."

தெற்குதானே, இதற்கு எதற்குக் காம்பஸ்? கையை நீட்டிக் காட்டினேன். அவர் நம்பாமல் கீழே போய்க் காம்பஸை எடுத்துவந்து வைத்துப் பார்த்தார். முள்ளும் என் விரலும் ஒரே பக்கம் நின்றன. "எப்படி மேடம்?" என்றார். எப்படிச் சொல்வது? எங்கள் ஊர் இங்கிருந்து நேர் தெற்கு. ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு தடவை நினைத்துக்கொள்ளாமல் இந்தப் பத்து வருஷத்தில் நான் ஒருநாளும் படுத்ததில்லை. அதைக் கன்னடத்தில் சொல்லத் தெரியாமல், "சும்மாதான்" என்றேன். வடக்கு வாசல் வீட்டின் தலையில் பேனல் தெற்கைப் பார்த்துச் சாய்ந்து உட்கார்ந்தது. கீழேயிருந்து ஜெயம்மா கத்தினார், "ஏம்மா மாரி, அதுவும் உங்கள மாரி தெக்கத்தியா? உங்க ஊரையே பாத்துக்கினு இருக்குது!"

விளக்கு எரிந்தது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே எரிந்தது. ஆறு மணிக்குத் தெருவே இருண்டதும் என் வீட்டு டியூப்லைட் மட்டும் நின்றபோது எனக்குக் கர்வமாகக்கூட இருந்தது. ஜெயம்மா அவரைக்காய் உரிக்க முறத்தோடு வந்துவிடுவார், எதிர் வீட்டுக்காரி பூக் கட்ட வருவாள். முதல் வேலையாக ஜெயம்மாவின் ஜாக்கெட்டில் அந்தத் தப்புக் கையைப் பிரித்து மெரூன் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். "இனிமே எந்தக் கல்யாணத்துக்கும்மா போடறது?" என்று கேட்டுக்கொண்டே வாங்கிக்கொண்டார். ஆனால் இதற்கு வந்த ஒரு செலவு அந்த டை கட்டினவர் புத்தகத்தில் இல்லை. காலையில் எழுந்ததும் நானே வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். ஜெயம்மா தலையை நீட்டுவதற்கு முன்னால் நான் நீட்டி, உண்டு, இல்லை என்று சேதி சொல்ல ஆரம்பித்தேன், அவர் மாதிரியே தெலுங்கில்.

ஐப்பசியில் நாலு நாளாக ஒரே மூட்டம். ஈரத் துணியோடு மாடியில் நின்று பேனல் மேல் காக்காய் எச்சத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பாண்டி போன் செய்தான். அங்கே நல்ல மழையாம்.

"வானத்துல தண்ணி நிக்கிக்கா. கரையெல்லாம் சரிஞ்சு போச்சு. தவளை கெடந்து கத்துது" என்றான்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவனே பேச்சை மாற்றி, "சரி, ஒன் சோலாரு எப்பிடி எரியுது?" என்று கேட்டான்.

"எங்கடா, எண்ட லேது" என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது.

அவன் சொன்னான்: "என்னக்கா, ஏண்டா லேட்டுன்னா என்னையக் கேக்க? நானா லேட்டு? ரெண்டு வருசம்னு சொல்லிட்டுப் போனவ நீதான?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எண்ட என்றால் வெயில் என்று அவனுக்கு விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல முடியவில்லை, அவன் கேட்டது சரியாகத்தான் இருந்தது. தை மாசம் கட்டாயம் அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பேனலின் முகத்தைத் துடைக்கவேண்டும் என்றால் அதற்கு எதிரே, ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கவேண்டும். கண்ணாடியில் என் முகமும் எனக்குப் பின்னால் தெற்கு வானமும் தெரிந்தன. அங்கே ஒரு வானம் தண்ணீர் கட்டிக் கிடக்கிறது, இங்கே ஒரு வானம் மூடிக் கிடக்கிறது. கீழே சுவருக்கு மேல் ஜெயம்மாவின் தலை தெரிந்தது, சேதி கேட்டு. நான் துணியைப் பிழிந்துகொண்டே "லேட்டுதான்" என்றேன். அவர் லேது என்று எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.