மூடாத மேற்கோள் குறி

ஷண்முகப்ரியா வளர்ந்தது அடையாற்றங்கரையில். அவள் பள்ளியில் படிக்கும்போதே குடிசைகளை அகற்றிக் குடும்பத்தைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து பஸ் மாறி மாறி வந்து படித்து முடித்து, அடையாறில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தாள். ரத்த வங்கிகளின் ஃப்ரிட்ஜ்களைக் கண்காணிக்கும் மென்பொருள் அவர்களுடையது. உள்ளே சூடு ஏறினால் பொறுப்பாளருக்கு உடனே போன் போக வேண்டும்.

ஒவ்வொரு ரத்த வங்கிக்கும் ஓர் அமைப்புக் கோப்பு உண்டு. அதில் ஃப்ரிட்ஜின் பெயர் மேற்கோள் குறிகளுக்குள் இருக்கும். எந்தச் சூட்டில், எந்த எண்ணுக்கு அழைப்பது என்ற அலார விவரம் தனிக் கோப்பில் இருக்கும். அதை உள்ளே சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு வரி எழுதுவார்கள். இந்த வரிகளை எழுதும் முறையைச் சீர்செய்யும் வேலை ப்ரியாவிடம் வந்தது. மேற்கோள் குறியைத் திறந்தால் அதே வரியில் மூட வேண்டும், சேர்க்கச் சொன்ன கோப்பு இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மென்பொருள் ஓடாது என்று விதி வைத்தாள்.

வாடிக்கையாளர்களிடம் போய் நிறுவித் தருகிற சாய்சரண் ஒத்துக்கொள்ளவில்லை. "பழசு எதையும் கண்டுக்காம ஓடிச்சு. இது நின்னுச்சுன்னா திட்டு எனக்குத்தான்."

புதிய பதிப்பை முதலில் மந்தைவெளி ரத்த வங்கியில் மட்டும் ஏற்றினார்கள்; அன்று மதியமே அங்கிருந்து போன் வந்தது. திரையில் ஃப்ரிட்ஜ் விவரம் எதுவும் இல்லை, ஒரே ஒரு வரிதான் நிற்கிறது என்றார் பொறுப்பாளர் விஜயலக்ஷ்மி. மேற்கோள் குறி மூடப்படவில்லை என்பதே அந்த வரி. "கையில தெர்மாமீட்டரை வெச்சுக்கிட்டு நிக்கறேன். இதுக்கா உங்ககிட்ட வாங்கினோம்?"

முதலாளி ஷாஹுல் ஹமீது ப்ரியாவின் மேஜைக்கே வந்துவிட்டார். "ஒரு குறிக்காகவா நிறுத்துவே? பழசையே போட்டுடும்மா."

ப்ரியா அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தாள். 'பெரிய ஃப்ரிட்ஜ்' என்ற பெயருக்கு முன்னால் குறி இருந்தது, பின்னால் இல்லை. அடுத்த வரி, அலாரக் கோப்பைச் சேர்க்கச் சொல்லும் வரி. பழைய மென்பொருள் குறி எங்கே மூடுகிறது என்று தேடிக்கொண்டு அந்த வரிக்குள்ளும் நுழைந்து, அதையும் பெயரின் பகுதியாகவே விழுங்கியிருக்கும்.

"சார், அங்க அலாரமே இல்லைன்னு நினைக்கிறேன்."

"இல்லைன்னா இத்தனை நாளா சொல்லியிருக்க மாட்டாங்களா?"

"சூடு ஏறினாத்தானே சார் தெரியும்? இன்னும் ஏறல. அதுபாட்டுக்கு சும்மா ஓடிக்கினு இருந்திருக்கு." அலுவலகத்தில் அவள் அடக்கி வைத்திருந்த ஆற்றங்கரைப் பேச்சு தன்னால் வந்துவிட்டது.

அவர் குனிந்து திரையில் இருந்த அந்த இரண்டு வரிகளையும் பார்த்தார். "நேர்ல போய்ப் பாரு. நீ சொன்னது இல்லைன்னா அங்கேயே பழசைப் போட்டுட்டு வா. அப்புறம் இந்த வேலையை வேற யாராவது பார்க்கட்டும்."

சாய்சரணின் பைக்கில் அடையாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது ப்ரியாவின் மனம் அதிலேயே இருந்தது. தான் நினைப்பது தவறாக இருந்தால் இந்த வேலை கையைவிட்டுப் போகும். சரியாக இருந்தால்? அதை நினைக்க இன்னும் பயமாக இருந்தது.

ரத்த வங்கியில் முதலில் பழைய பதிப்பையே ஓடவிட்டாள். திரை உயிர் பெற்றது. "இப்ப நல்லாத்தானே இருக்கு?" என்றார் விஜயலக்ஷ்மி. ப்ரியா ஃப்ரிட்ஜுக்குள்ளிருந்து சென்சார் ஒயரை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். திரையில் எண் ஏறத் தொடங்கியது. எல்லையைத் தாண்டியது. இன்னும் ஏறியது. விஜயலக்ஷ்மியின் போன் மேஜைமேல் கிடந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அடிக்கவில்லை.

விஜயலக்ஷ்மி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். "எவ்வளவு நாளா இப்படி?"

"ஃப்ரிட்ஜுக்குப் பேர் மாத்தினதுலேர்ந்து இருக்கும் மேடம்," என்றான் சாய்சரண். மாற்றியவன் அவன்தான்.

ப்ரியா விட்டுப்போன குறியைப் போட்டுப் புதிய பதிப்பை ஓட்டினாள். மறுபடி ஒயரைக் கையில் பிடித்தாள். இம்முறை போன் மேஜைமேல் அதிர்ந்து அடித்தது. விஜயலக்ஷ்மி அதை எடுக்காமல், அடித்து ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நல்லது பண்ணீங்க. ஆனா திரை இல்லாம நான் நின்னேனே, அதையும் யோசிங்க."

திரும்பி வரும்போது ப்ரியா அதைத்தான் யோசித்தாள். மறுநாள் விதியைத் திருத்தினாள். கோப்பில் பிழை இருந்தால் புதிய அமைப்பை ஏற்காது; ஆனால் நிற்கவும் செய்யாது. பிழையில்லாத முந்தைய அமைப்பிலேயே ஓடிக்கொண்டு, பிழை இருக்கும் வரியைத் திரையில் சிவப்பாகக் காட்டும். அப்படி ஒரு முந்தைய அமைப்பு இல்லாவிட்டாலும் சூட்டை மட்டும் காட்டி, அலாரம் இல்லை என்று சொல்லிவிடும்.

ஷாஹுல் ஹமீது படித்துப் பார்த்துவிட்டு, எல்லா வாடிக்கையாளர் கோப்புகளையும் அவளே சோதிக்க வேண்டும் என்றார். சாய்சரண் ஒவ்வொன்றாகத் திறந்து தர, அவள் படித்தாள். அசோக் நகர் ரத்த வங்கியின் கோப்பில் அதே பிழை இருந்தது. அவர்களுக்கு யார் போன் செய்வது என்று அவள் கேட்பதற்குள், சாய்சரண் எண்ணை அழுத்திவிட்டான்.