நாற்பது சதுர மீட்டர் வயிற்றெரிச்சல்

குட்டி வீடுகளுக்கு வரைபடம் போடுவதில் தன்னை அடித்துக்கொள்ள ஸ்வொல்லெ ஊரில் ஆள் கிடையாது என்று ஃபென்னாவுக்கு ஒரு நினைப்பு. வெறும் நினைப்பு என்றும் சொல்லிவிட முடியாது, முக்கால்வாசி உண்மை. முப்பது வருஷமாக அவள் போட்ட வீடுகளில் எந்தப் பொருளும் ஒரு வேலையோடு தப்பித்ததில்லை. கட்டில் சுவருக்குள் போகும், போன இடத்தில் மேசை வந்து நிற்கும், மேசையை மடித்தால் அலமாரி. "எங்க அப்பா படகுல நாலு பேரு பன்னெண்டு சதுர மீட்டர்ல வாழ்ந்தோம், தெரியுமா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் அளப்பாள். ஐசல் ஆற்றில் மணலும் சரளையும் ஏற்றிப் போன சரக்குப் படகு அது. அவளும் அக்கா ரூல்ஃபீனும் அதன் பின்கட்டில் பிறந்து வளர்ந்தவர்கள்.

அப்படிப்பட்டவளுடைய கூடப் பிறந்த அக்கா, புருஷன் போன பிறகு பெரிய வீட்டை விற்றுவிட்டு நாற்பது சதுர மீட்டரில் ஒரு வீடு வாங்கினாள். ஃபென்னா கேட்காமலேயே ஒரு வாரம் கண் விழித்து வரைபடம் போட்டுக் கொடுத்தாள். மடிகிற சாமான் மட்டும் பதினொன்று. அக்கா வாங்கிப் பார்த்தாள், "அப்புறம் பேசலாம்" என்றாள். பிறகு வேலையை யாரிடம் கொடுத்தாள் தெரியுமா? யோரிட்டிடம்! ஃபென்னாவின் அலுவலகத்தில் ஆறு வருஷம் இருந்து தொழில் கற்றுக்கொண்டு, எதிர்த் தெருவிலேயே தனியாக அலுவலகம் போட்ட யோரிட்டிடம்!

வயிறு எரியாமல் என்ன செய்யும்? நான்கு மாதம் தினமும் சைக்கிளை அந்தத் தெரு வழியாகவே விட்டாள். நேர்வழியை விட இரண்டு கிலோமீட்டர் அதிகம். திரை போடாத ஜன்னல் வசதியாகப் போயிற்று. உள்ளே ஒரு நகரும் சுவர் வந்தது. ஜன்னலோரம் ஒரு பெஞ்சு வந்தது. அவ்வளவுதான். 'இதுக்குப் பேரு வடிவமைப்பா?' என்று சைக்கிள் மணியிடம் கேட்டுக்கொண்டு போனாள். "உன்னைக் கேட்டிருக்கணும்டி, தப்புப் பண்ணிட்டேன்" என்று அக்கா தன் வாயால் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் கிடைத்தால் போதும், அவள் மனசு ஆறிவிடும்.

அக்காவின் அறுபத்தைந்தாம் பிறந்தநாள் வந்தது. அந்த ஊர் வழக்கப்படி வட்டமாக நாற்காலி போட்டுப் பதினாலு பேர் உட்கார வேண்டும். அந்த வீட்டில் அது நடக்கவே நடக்காது என்று ஃபென்னா காகிதத்தில் கணக்குப் போட்டே பார்த்திருந்தாள். பூங்கொத்தோடு, கைப்பைக்குள் அளவு நாடாவோடு போனாள்.

நடந்திருந்தது. சுவரை ஒதுக்கிவிட்டு, படுக்கும் பக்கத்தையும் சேர்த்து, பதினாலு நாற்காலியும் முழங்கால் இடிக்காமல் நின்றன. ஃபென்னா அண்ணாந்து மேலே சுவர் ஓடுகிற தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள், காலியாக இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"ஏம்மா, சுத்தி வந்து ஒருத்தருக்கும் கை குடுக்கலையே! குடுத்தா தேஞ்சா போயிடும்?" என்றார் பெரியப்பா மகன் பெரெண்ட்.

ஐயோ! அந்த ஊரில் பிறந்தநாள்காரருக்கு மட்டுமல்ல, வந்திருக்கிற எல்லோருக்கும் கை கொடுத்து வாழ்த்த வேண்டும்; பச்சைக் குழந்தை கூடச் செய்யாத தப்பு. முகம் சிவக்க எழுந்து, வட்டத்தில் ஒருவர் விடாமல் கை கொடுத்து, "நம்ம ரூல்ஃபீன் பிறந்தநாளுக்கு வாழ்த்துகள்" என்று சொல்லிக்கொண்டே போனாள். எட்டாவது நாற்காலியில் யோரிட்.

"உங்க அக்கா பிறந்தநாளுக்கு உங்களுக்கும் வாழ்த்துகள், ஃபென்னா" என்று எழுந்து ஊர் முறைப்படி கன்னத்தில் மூன்று முத்தமும் கொடுத்தான், படுபாவி.

கேக்கும் காபியும் ஒரு சுற்று வந்ததும் அவளால் தாங்க முடியவில்லை.

"சுவர் அழகுதான். ஆனா நவம்பர் ஈரத்துல மரம் ஊதி நடுவுல நின்னுக்குமே?"

"இழுத்துத்தான் பாருங்களேன்."

"பாக்காம விடுவேனா!"

படுக்கும் பக்கம் இருந்தவர்களை நாற்காலியோடு இந்தப் பக்கம் விரட்டிவிட்டு, அந்தப் பக்கம் நின்று பலம்கொண்ட மட்டும் இழுத்தாள். சுவர் சத்தமே இல்லாமல் ஓடிவந்து மூடிக்கொண்டது. உள்ளே அவள் மட்டும். வெளியே ஒரே சிரிப்பு. "சரி சரி, நெருக்கி உக்காருங்க" என்றது பெரெண்டின் குரல். அவளுடைய இடத்தையும் சேர்த்து அடைத்துக்கொண்டு நாற்காலிகள் நகர்ந்தன.

கட்டிலில் உட்கார்ந்தாள். அப்போதுதான் கவனித்தாள், அது கட்டில்! நாலு கால் உள்ள, மடியாத, எங்கேயும் போகாத சாதாரணக் கட்டில். மாட்டிக்கிட்டான் யோரிட்!

கேக் தட்டோடு அக்கா சுவரை ஒரு விரலால் நகர்த்தி உள்ளே வந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டேன்க்கா. இந்தக் கட்டிலைப் பாரு. நாலு சதுர மீட்டரை முழுங்கிட்டுப் பகல் பூரா சும்மா கிடக்கு. இதை உள்ள தள்ளத் தெரியல அவனுக்கு. என்னைக் கேட்டிருந்தா..."

"நான்தான் தள்ளக் கூடாதுன்னேன்."

"ஏன்?"

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"படகுல நீ எங்கடி படுத்த?"

"உள்ள, அம்மாகிட்ட."

"நான்?"

"சாப்பாட்டு மேசையை இறக்கினா கட்டிலாகுமே, அதுல. என்ன அருமையான ஏற்பாடு!"

"அருமை! நாலரை மணிக்கு அப்பாவுக்குக் காபி குடிக்க மேசை வேணும். காய்ச்சல்ல கிடந்தாலும் எந்திரிச்சு, மெத்தையைச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு நிக்கணும். மாசா மாசம் வயித்து வலியில துடிச்சப்பவும் அதேதான். பதினேழு வருஷம். ஒரு நாள் கூட நான் தூங்கி முடிச்சு எந்திரிச்சதில்லைடி. உன் வரைபடத்துல கட்டில் இருக்கிற இடத்துல மேசை வந்து நின்னுச்சு பாரு, அப்பவே அதை மூடி வச்சிட்டேன்."

ஃபென்னா எத்தனை பேரிடம் அந்த மேசையை வாயாரப் புகழ்ந்திருக்கிறாள், அக்கா பக்கத்தில் நிற்கும்போதே!

"எங்கிட்ட ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே."

"நீதான் ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிட்டிருந்தியே. எங்க சொல்றது?"

வெளியே யாரோ காபி கேட்டார்கள். யோரிட் தானே போய் ஊற்றுகிற சத்தம் கேட்டது. எந்த அலமாரியில் கோப்பை இருக்கிறது என்பது கூட அவனுக்குத் தெரிந்திருந்தது. சுவர், தண்டவாளம், பெஞ்சு எல்லாவற்றையும் அவனே வைத்துக்கொள்ளட்டும். ஃபென்னாவுக்கு இப்போது எரிந்தது வேறு.

"அவன்கிட்ட மட்டும் எப்படிக்கா சொன்ன?"

"முதல் நாள் வந்து உக்காந்தான். 'சின்ன வயசுல எந்த மாதிரி வீட்டுல இருந்தீங்க?'னு கேட்டான். சொன்னேன்" என்றாள் அக்கா.