பச்சை மூட்டையும் சிவப்புக் கோடும்

ஒரு வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டிச் செய்த வேலையை நானே சுவிட்சைத் தட்டி அணைத்துப் போட்டேன். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எங்கள் கம்பெனி ஒரு டூல் விற்கிறது. மற்றவர்கள் எழுதும் புரோகிராமை, அது ஓடுவதற்கு முன்பே படித்துப் பார்த்து, தப்பு இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு போடும். புரோகிராமில் ஒரு விவரத்துக்கு வைத்த பெயருக்குள் இருப்பது எண்ணா, சொல்லா என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குறித்து வைப்பதில்லை. டூல்தான் ஊகிக்க வேண்டும். அந்த ஊகத்தைக் கூர்மையாக்குவது என் வேலை. பழைய டூல் கொஞ்சம் சிக்கலான இடம் வந்தாலே, எதுவாகவும் இருக்கலாம் என்று முடிவு கட்டி வாயை மூடிக்கொள்ளும். நான் விடவில்லை. ஒரு மதிப்பு எங்கே பிறந்து எந்த வழியெல்லாம் போகிறது என்று கடைசிவரை துரத்த வைத்தேன். ஆபீஸ் கொச்சியில். நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தோப்புக்குள் இருக்கும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன்.

புது வெர்ஷன் வெளியான வாரமே போன் வந்தது. மலைமேல் சாந்தன்பாறையில் ஓர் ஏலக்காய்க் கம்பெனிக்கு ஒற்றை ஆளாகப் புரோகிராம் எழுதும் பெண். நான் தமிழன் என்று தெரிந்ததிலிருந்து உதவிப் பிரிவை விட்டுவிட்டு என்னையே கூப்பிடுவாள்.

"அண்ணே, என்னண்ணே பண்ணி வச்சிருக்கீங்க? நேத்து வரைக்கும் ஒண்ணுமே இல்ல. இன்னைக்குத் தொறந்தா ஸ்கிரீன் பூரா செவப்புக் கோடா நிக்குது."

"நல்லதுதானே கண்ணு. இத்தன நாளாத் தெரியாததெல்லாம் இப்பத் தெரியுது" என்றேன். பெருமைதான்.

"முதலாளிக்குப் புரோகிராம் தெரியாதுண்ணே. செவப்ப எண்ண மட்டும்தான் தெரியும். மாசக் கடைசியில வேலைய ஸ்திரமாக்குறேன்னு சொல்லியிருந்தாரு. இப்ப வேற ஆளப் பாக்கணும்ங்குறாரு. இந்த மலையில இத விட்டா எனக்கு வேற கம்ப்யூட்டர் வேலை ஏது? அம்மாவ எஸ்டேட் லைன் வீட்டுல தனியா விட்டுட்டு பெங்களூரு போவேனா?"

பழைய வெர்ஷனுக்கே போய்விடச் சொன்னேன். தப்பை மறைக்கப் பார்க்கிறாள் என்று அதற்கும் பேச்சு வருமாம்.

அவள் எழுதியதை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூட்டைக்கும் எடை என்று ஓர் இடம். உலர்ந்த காய் என்றால் அதில் எண் இருந்தது. சில மூட்டைகளில் எண்ணுக்குப் பதிலாக 'பச்சை' என்று எழுதியிருந்தது.

"இது என்ன கூத்து?" என்றேன்.

"காய் உலர்த்துற எங்க ஸ்டோர்ல அப்படித்தாண்ணே. காய உலர்த்துற வரைக்கும் எடை பேச மாட்டாங்க. பலகையில சாக்பீஸால பச்சைன்னுதான் எழுதுவாங்க. நானும் அப்படியே எழுதிட்டேன். கணக்குக் கூட்டுறதுக்கு முன்னாடி பச்சையெல்லாம் தனியா ஒதுக்கிருவேனே."

ஒதுக்கத்தான் செய்திருந்தாள். ஆனால் மூட்டை உலர்ந்ததா என்பது வேறோர் இடத்தில் இருந்தது, அதைப் பார்த்துத்தான் ஒதுக்கினாள். அங்கே உலர்ந்தது என்றிருந்தால் இங்கே எடை எண்தான் என்பது என் டூலுக்கு எட்டவில்லை. எண்ணோடு சொல்லைக் கூட்டுகிறாய் என்று கண்ட இடத்திலெல்லாம் கத்தியது. முன்பு ஒன்றும் தெரியாமல் சும்மா இருந்தது, இப்போது பாதி தெரிந்துகொண்டு ஊரைக் கூட்டியது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க அதற்குக் கற்றுக்கொடுக்க முடியும். உட்கார்ந்தேன். இங்கே சரியானால், முன்பு தேறிய சோதனை ஒன்று அங்கே தோற்று விழுந்தது. அதைத் தூக்கி நிறுத்தினால் டூல் ஆமை வேகத்தில் ஓடியது. மேலதிகாரியோ, ஒரே ஒரு வாடிக்கையாளருக்காக ஏன் உயிரை விடுகிறாய் என்று மலையாளத்தில் சிரித்தார். சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு நின்ற என் மனைவியிடமும் எரிந்து விழுந்தேன்.

"ஏனுங்க, சும்மா கெடந்ததத் தூண்டிவுட்டுப்போட்டு எம்மேல பாஞ்சா ஆச்சுங்களா? வேலில போற ஓணான வேட்டில வுட்டுக்கிட்டது நீங்கதானுங்க" என்றாள். தட்டை வாங்கிக்கொண்டேன்.

அத்தனை சிவப்பையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. அவளைக் கூப்பிட்டேன்.

"உலந்த மூட்டை மறுபடியும் பச்சையாகுமா கண்ணு?"

"ஆகும்ண்ணே. மழைக்காலத்துல நமுத்துப் போனா திரும்ப ஸ்டோருக்கு அனுப்புவோம். அப்பப் பச்சைன்னு மாத்திருவேன். ஐயோ, நான் ஒதுக்கி முடிச்சதுக்கு அப்பறம்ல அது மாறுது. அன்னைக்குக் கணக்கே நின்னு போயிருக்கும்."

எனக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. இந்த ஒன்றைப் பிடிக்கத்தானே இத்தனை நாள் துரத்தினேன். ஆனால் மற்ற சிவப்பை அடக்குவதற்குள் மாசம் முடிந்துவிடும் என்பதும் தெரிந்துபோயிற்று.

அடுத்த வெர்ஷனில் என் ஊகத்தை அணைத்து வைத்தேன். வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளலாம். யார் போடப் போகிறார்கள்? டூல் பழையபடி வாயை மூடிக்கொண்டது. மேலதிகாரி பாராட்டி எழுதியிருந்தார், புகார்கள் நின்றுவிட்டனவாம். நன்றாக வாயில் வருகிறது, எழுத முடியாது.

மாசக் கடைசியில் அவள் கூப்பிட்டாள்.

"ஸ்திரமாக்கிட்டாருண்ணே. புதுசு போட்டதும் ஒரு செவப்பு இல்ல. இப்பத்தான் நீ ஒழுங்கா எழுதுறேன்னாரு. உங்க டூலும் இப்பத்தான் நல்லா ஓடுதாம், சொல்லச் சொன்னாரு."

"சந்தோசம் கண்ணு. அந்த நமுத்த மூட்டை இடத்தச் சரி பண்ணிட்டியா?"

"அன்னைக்கே பண்ணிட்டேன்ணே. ஆனா டூல் காட்டித்தான் தெரிஞ்சுதுன்னு அவருகிட்டச் சொல்லல. சொன்னா, அப்ப அந்தச் செவப்பெல்லாம் உன் தப்புதானான்னு கேப்பாரு."