பெஞ்சில் உட்கார்ந்தவன் பெண் பார்க்கப் போனது

நான் பிரான்சில் சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடியவன். ஆடியவன் என்பதைவிட, ஆடுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என்று சொன்னால்தான் பொருந்தும். புதுச்சேரியில் எந்த வீட்டுக்குப் போனாலும் நிலைப்படி என் நெற்றியில் இடிக்கும். பிரான்சில் அணியிலேயே நான்தான் குள்ளம்.

அந்தச் சின்ன ஊர் கிளப்பில் வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேருக்குத்தான் இடம். என் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர் என்பதால், காகிதத்தில் நான் பிரெஞ்சுக்காரன்; அந்த இரண்டு பேர் கணக்கில் வரமாட்டேன். அதனால்தான் என்னை எடுத்தார்கள். எடுத்து, உட்காரவைத்தார்கள்.

இதையெல்லாம் வீட்டில் சொல்வேனா? அப்பா காலமாகிவிட்டார். அம்மாவுக்குத் தெரிந்த பிரெஞ்சு இரண்டு வார்த்தை. அந்த ஊர்ப் பத்திரிகையில் துண்டும் கையுமாக நான் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பெரிதாகப் போட்டபோது, வெட்டி அனுப்பி, “என்னப் பத்திதான் பாராட்டி எழுதியிருக்காங்க” என்று போனில் சொன்னேன். அம்மா அதைப் பர்சில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினார்.

அந்த மே மாதம் லீவில் வந்தபோது, பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்கு ஓட்டுப் போட புதுச்சேரி பிரெஞ்சுத் தூதரக வாசலில் வரிசையில் நின்றேன். வெயில் கொளுத்தியது. பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: “ஹலோ, ஆடாம நில்லுங்க. நிழல் நகருது.” திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான், ஆள் காலி. யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்றுகூட எனக்கு நினைவில்லை.

விசாரித்ததில் கருவடிக்குப்பத்து வீடு, அங்கேயும் அப்பா சொல்தா, பெண் ஒரு பள்ளியில் பிரெஞ்சு டீச்சர் என்று தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் பெண் பார்க்கப் போனோம். எனக்கு அவள்தான் வேண்டும்; வேறு யாரையும் பார்க்க மாட்டேன் என்று வழியிலேயே சொல்லிவிட்டேன்.

அவள் அப்பா கண் ஆபரேஷன் செய்துகொண்டு கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். “பந்து வெளாடறதெல்லாம் சரி தம்பி, நல்லா வெளாடுவீங்களா?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பர்சைத் திறந்துவிட்டார். “பேப்பர்லயே போட்டிருக்காங்க, பாருங்க!”

விழுப்புரத்திலோ கடலூரிலோ இந்தத் துண்டுக் காகிதம் என்னைக் கரையேற்றியிருக்கும். தெருவுக்கு நாலு பேர் பிரெஞ்சு படிக்கிற ஊரில் போய் இதைக் கொடுத்தால்?

“எனக்குத்தான் கண்ணு தெரியலயே. நீ படிச்சி, அம்மாவுக்கும் புரியற மாதிரி தமிழ்ல சொல்லும்மா” என்று அவள் அப்பா காகிதத்தை வாங்கி மகளிடம் நீட்டினார்.

அவள் படித்தாள். அதில் இருந்தது எனக்கு மனப்பாடம்: ‘இந்த சீசனில் இவர் ஆடியது மொத்தம் பதினோரு நிமிடம். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்தபடி இவரைப்போலக் கை தட்ட இந்த வட்டாரத்தில் ஆளில்லை.’ அவள் ஒரு தரம் என்னைப் பார்த்தாள். போச்சு என்று நினைத்தேன்.

“இவர் எறங்கினாலே எதிர் டீமுக்கு ஒதறல் எடுக்குதாம்மா” என்று ஆரம்பித்தாள். “அந்த ஊர் மேயரே வந்து கைகுடுத்தாராம். இவர் இல்லன்னா அந்த கிளப்பே கெடையாதாம்.”

அவள் அம்மா வாயைப் பிளந்தார். என் அம்மாவே கொஞ்சம் அசந்துபோனார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பார்த்தவர்கள் அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

“பிரெஞ்சுலயே ஒரு தரம் படிம்மா. காதால கேட்டு நாளாச்சு” என்றார் அவள் அப்பா.

இதோடு தீர்ந்தது என்று எழத் தயாரானேன். அவளோ காகிதத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அதில் இல்லவே இல்லாத பிரெஞ்சை ஒரு தடங்கலும் இல்லாமல் படித்தாள். இந்த முறை மேயரோடு ஒரு மந்திரியும் வந்து சேர்ந்தார்.

“த்ரே பியான்! பிரமாதம்!” என்று தொடையில் தட்டினார் அவர். “எனக்கு சம்மதம். நீ என்னம்மா சொல்ற?”

“சரிப்பா” என்றாள், சாதாரணமாக. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைத்துக்கொள்ளவில்லை.

பெரியவர்கள் நாள் பார்க்கக் காலண்டர் பக்கம் போனார்கள். அவள் காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

“அடுத்த வருஷமாவது எறங்கி ஆடுங்க. இதுக்கு மேல எனக்குப் பொய் வராது.”