முகம் பார்க்காத சாட்சி

வின்னி டாப் பதினாலு வயதில் ஹேல்வர்டன் பிரபுவின் மாளிகைக்கு வேலைக்காரியாக வந்தாள். குளிர்காயும் கணப்பைத் துடைக்கச் சொல்லிக்கொடுக்கும் முன்பே ஒரு சட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். எஜமானர் குடும்பத்தார் நடைவழியில் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்க வேண்டும். ஏன், இவள் மூஞ்சியைப் பார்த்தால் அவர்களுக்குச் சாப்பிட்டது செரிக்காதாமா? பெரிய இடத்துச் சட்டம், யார் கேட்பது! வருஷங்கள் போகப்போக, வேலைக்காரர்களுக்கு மெத்தென்ற செருப்புதான்; எஜமானர்களின் பூட்ஸ் சத்தம் கேட்டாலே அவள் உடம்பு தானாகத் திரும்பப் பழகிவிட்டது.

ஒருநாள் மாலை நூலக அறையில் பிரபுவை யாரோ கணப்புக் கம்பியால் அடித்துக் கொன்றுவிட்டார்கள். அப்போது வின்னி வெளியே நடைவழியில் கரிவாளியோடு போய்க்கொண்டிருந்தாள்.

"யாரைம்மா பாத்தே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அறையிலேருந்து யாரோ வெளிய போனாங்க ஐயா. முகத்தைப் பாக்கல."

கடைசியாகத் தேநீர் கொண்டுபோனவன் அங்கேயே பணியாளாக இருந்த அவள் அண்ணன் ஆல்ஃபி. அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். குற்றம் உறுதியானால் தூக்குதான்.

அதன்பின் வின்னிக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. துடைத்த கணப்பையே மறுபடி துடைத்தாள். கோப்பைகளைப் போட்டு உடைத்தாள். எதையோ மறந்துவிட்டோம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. பாவி மனசு, எதை என்று சொன்னால்தானே!

"வாயை மூடிக்கிட்டு வேலையப் பாருடி. இருக்குற பொழப்பையாவது காப்பாத்திக்கோ" என்று அதட்டினாள் சமையல்காரி.

மறுநாள் கரிவாளியோடு அதே நடைவழியில் போனாள். பின்னால் பூட்ஸ் சத்தம். சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பினாள். திரும்பியதும் தூக்கிவாரிப்போட்டது. அன்றைக்கும் இப்படித்தானே நின்றாள்! கூடப் பிறந்தவனுக்காக எவள் சுவரைப் பார்ப்பாள்?

பிரபுவின் மனைவி லண்டனில் இருந்தாள். குடும்பத்தில் அன்று வீட்டில் இருந்தவன் மகன் எட்மண்ட் மட்டுமே. சாயங்காலம் முழுக்கக் குதிரை லாயத்தில் இருந்ததாகச் சொன்னவனும் அவன்தான்.

வாளியை வைத்துவிட்டுத் திரும்பினாள். எதிரே எட்மண்ட், பக்கத்தில் இன்ஸ்பெக்டர்.

"என்னடி முறைக்கிற? சுவத்தைப் பாரு!"

"அன்னிக்கும் சுவத்தைத்தான் பாத்தேன் துரை. எங்கண்ணன் வந்திருந்தா நான் எதுக்குத் திரும்பறேன்? உங்க வீட்டு ஆளுங்க வந்தாத்தானே திரும்புவோம்!"

"திரும்புடி!" என்று கத்தினான் எட்மண்ட். சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தான்.

இன்ஸ்பெக்டர் அவன் முழங்கையைப் பிடித்தார். வின்னி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.