சக்கரத்துக்கு வைத்த சந்தனம்

என் வீட்டுக்காரர் குமரேசனுக்குக் குடிப்பழக்கம் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. மரத்தில் கடிகாரம் செய்கிற பழக்கம் இருக்கிறது. குடித்துவிட்டு வந்தாலாவது இரும்புலியூரில் நாலு பேர் எனக்காகப் பரிதாபப்படுவார்கள். இதற்கு யாரிடம் போய் அழுவது?

பம்மலில் ஒரு சின்னப் பட்டறையில் இருபத்து மூன்று வருடமாக லேத் ஓட்டுகிறார். நாளெல்லாம் இரும்பைக் கடைந்துவிட்டு வருகிற மனிதர் காலை நீட்டிப் படுக்க வேண்டியதுதானே? மாட்டார். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் பழைய தேக்குச் சட்டமாகப் பார்த்து வாங்கி வந்து, படுக்கையறையில் உட்கார்ந்து அறுப்பார். சக்கரம், சக்கரத்தின் பல், முள், பெண்டுலம் எல்லாமே மரம். எங்கள் வீட்டுச் சாம்பாரில்கூட மரத்தூள் இருக்கும்.

ஐந்து வருடத்தில் நான்கு கடிகாரம் செய்தார். ஒன்றும் மூன்று நாளைத் தாண்டவில்லை. மழைக்காலத்தில் மரம் ஊறிப் பல்லோடு பல் சிக்கிக்கொள்ளும். நின்ற கடிகாரம் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். அதனால் நான் கறாராகச் சொல்லிவிட்டேன்.

"ஒரு வாரம் நிக்காம ஓடட்டும். அப்பால ஹால்ல மாட்டிக்கோங்க. அதுவரிக்கும் அது பெட்ரூமை வுட்டு வெளிய வரக் கூடாது."

ஹாலில் இருப்பது நகைக்கடையில் இனாமாகக் கொடுத்த பிளாஸ்டிக் கடிகாரம். அதை இறக்கிவிட்டுத் தன்னுடையதை மாட்ட வேண்டும், வருகிறவர்கள் அதில் மணி பார்க்க வேண்டும். மனிதருக்கு அது ஒன்றுதான் ஆசை.

ஐந்தாவது கடிகாரம் போன வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு ஓட ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டியது. திங்கட்கிழமை அவர் சாப்பாட்டை மறந்து அதன் எதிரில் உட்கார்ந்திருந்தார். செவ்வாய்க்கிழமை நானே சமையலை விட்டுவிட்டுப் போய்ப் போய்ப் பார்த்தேன், ஓடுகிறதா என்று.

புதன்கிழமை ஆயுத பூஜை. அவர் பட்டறை பூஜைக்குப் போய்விட்டார். வீட்டில் மிக்ஸி, தையல் மெஷின், ஸ்கூட்டர், அவருடைய ரம்பம், உளி எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தேன். மற்ற வருடங்களில் கடிகாரத்தை நான் சீண்டியதே இல்லை. இந்த வருடம் மனசு கேட்கவில்லை. ஆறு நாளாக ஓடுகிறது, அதை மட்டும் எப்படி விடுவது? ஈரத்துணியால் ஒவ்வொரு சக்கரமாகத் துடைத்து, சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தேன்.

மதியம் வடை சுட்டுக்கொண்டிருந்தபோதுதான் வீடு அமைதியாக இருப்பது உறைத்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். நின்றிருந்தது. பெண்டுலத்தைத் தட்டிவிட்டேன். நாலு ஆட்டம் ஆடிவிட்டு மறுபடி நின்றது. சந்தனம் காய்ந்து பல்லிடுக்கில் இறுகிவிட்டது. என் கையை அடுப்பில் வைக்கலாம் போலிருந்தது.

பொரிப் பொட்டலத்தோடு அவர் உள்ளே வந்தார். மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

"நின்னுச்சுங்க. நான்தான் சந்தனம் வெச்சேன்."

"எத்தினி சக்கரத்துக்கு?"

"எல்லாத்துக்கும்."

ஒவ்வொன்றாகக் கழற்றி நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "ஈரம் உள்ள எறங்கிடுச்சு. மூணு சக்கரம் வீங்கிக்கினு கீது. புதுசா அறுக்கணும். மழை வேற ஆரம்பிச்சிரும். இனிமே தை மாசந்தான்."

"திட்டுங்களேன்."

"உன்னத் திட்டி இன்னா ஆவப்போவுது, சாவித்ரி."

அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அதற்கும் வழியில்லை.

"ஒரு நாள்தான கொறச்சல். நானே சொல்றேன், ஹால்ல மாட்டிக்கோங்க."

"நின்னதை மாட்டுனா வூட்டுக்கு ஆகாது" என்றார். என் வார்த்தைதான். எனக்கு என் மீதே ஆத்திரமாக வந்தது.

கை கழுவ எழுந்து போனவர் ஹாலிலேயே நின்றுவிட்டார். சுவரில் வெறும் ஆணி இருந்தது.

"இங்க இருந்த கடியாரம் எங்க?"

"பீரோ மேல கீது. நாளைக்கு ஒரு வாரம் ஆவுதுல்ல. நீங்க வர்றப்போ ஆணி காலியா இருக்கணும்னு காலையிலயே கழட்டி வெச்சேன்."

பீரோ மேலிருந்த பிளாஸ்டிக் கடிகாரத்தை எடுத்துவந்து, சட்டை முனையால் தூசி துடைத்து, அவரே மாட்டினார்.