மூன்று கட்டை லைட்

தேனியில் எல்.இ.டி. டார்ச் வாங்கி வந்த அன்று அப்பாவுக்கும் எனக்கும் சண்டை. அவரிடம் மூன்று கட்டை பேட்டரி போடும் பழைய டார்ச் இருந்தது. பொழுது சாய்ந்ததும் இரண்டையும் தோட்டத்துப் பக்கம் அடித்துப் பார்த்தோம். என்னுடையது வெள்ளையாகப் பக்கத்தில் மட்டும் பரவியது. அவருடையது மஞ்சளாக, ஒடுங்கி, திராட்சைப் பந்தலின் கடைசிக் கல்தூண் வரை போனது.

“கட்டை போடாததெல்லாம் ஒரு லைட்டா?” என்றார். வெளிச்சம் எதில் அதிகம் என்று நானும் விடாமல் பேசினேன்.

மறுவாரம் ஒரு மத்தியானம் அப்பா கட்டிலில் அசையாமல் கிடந்தார். கரண்ட் இல்லை. தெருக்கோடி கம்பவுண்டர் வந்து லைட் கேட்டார். என்னுடையதைக் கொடுத்தேன். இமையைப் பிரித்துக் கண்ணில் அடித்துப் பார்த்தவர் மறு கண்ணிலும் அடித்துப் பார்த்தார். வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து, “இதைவிட தூரமா அடிக்கிறது இருக்குண்ணே” என்று பழையதை எடுத்து வந்தேன். அவர் மறுக்காமல் வாங்கி, அதையும் அடித்துப் பார்த்தார்.

“எதுல அடிச்சாலும் ஒண்ணுதான்ப்பா. அப்பா போயிட்டாக.”

இரண்டையும் வாங்கிக்கொண்டேன். பழையதிலிருந்து மூன்று கட்டைகளையும் கழற்றி அலமாரியில் வைத்தேன். உள்ளேயே கிடந்தால் கசிந்துவிடும்.